பேர் சொல்லாத கணக்கு

1997-ஆம் ஆண்டுக் கோடையில் ஜெய்ப்பூரில் ஒரு தர்ணா நடந்தது. ராஜஸ்தான் கிராமங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் ஐம்பது நாட்களுக்கும் மேலாகத் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது பணமோ நிலமோ அல்ல. தங்கள் ஊர்ப் பஞ்சாயத்து செலவழித்த கணக்கின் ஜெராக்ஸ்.

கடைசியில் துணை முதல்வர் ஒரு செய்தி சொன்னார். அந்த நகலைப் பெறும் உரிமை ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம். அதாவது தர்ணா தொடங்குவதற்கு முன்பே. வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்களோடு பேச வந்த எவரும் அதுவரை அதைச் சொல்லவும் இல்லை. தகவல் கேட்கும் உரிமையைத் தருகிற உத்தரவையே ரகசியமாக வைத்திருந்தது ஓர் அரசு. இந்திய அரசு அலுவலகத்தின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2005 அக்டோபர் 12 அன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) ஜம்மு-காஷ்மீர் நீங்கலாக நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் சட்டத்தை நீக்குவோம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தகவல் ஆணையர் நாற்காலியைக் காலியாக விடலாம், மேல்முறையீட்டை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடலாம், விதிவிலக்குப் பட்டியலில் ஒரு வரியைத் திருத்தலாம். அப்படித் திருத்தப்பட்ட வரி ஒன்று 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. அது எதைத் தொடுகிறது என்று புரிய, இந்தச் சட்டம் முளைத்த இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த இடம் தேவ்துங்ரி. இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தில் உள்ள வறண்ட கிராமம். சென்னையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அருணா ராய் 1968-ல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, 1975-ல் அதை உதறிவிட்டு வந்தவர். 1987-ல் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் இந்தக் கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். 1990 மே தினத்தன்று அவர்களும் ஊர் மக்களும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

அங்கே பிரச்சினை கூலி. பஞ்ச நிவாரணத்துக்காகக் குளம் வெட்டுவது, சாலை போடுவது போன்ற அரசு வேலைகளுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. கேட்டால், "நீங்கள் வேலையைக் குறைவாகத்தான் செய்திருக்கிறீர்கள், எம்-புக்கில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது" என்ற பதில் வரும். சரி, அந்த அளவைப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ஆவணம், ரகசியம். கூலியைக் குறைத்த காகிதமும் அதைச் சரிபார்க்க வேண்டிய காகிதமும் ஒன்றே. அது பூட்டிய பீரோவுக்குள் இருந்தது.

1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்ற ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. எப்படியோ கைக்குக் கிடைத்த பஞ்சாயத்து ஆவணங்களை ஊர் நடுவில் வைத்து உரக்கப் படித்தார்கள். பில்கள், வவுச்சர்கள், அவற்றோடு மஸ்டர் ரோல் எனும் கூலியாட்களின் வருகைப் பட்டியல். வேலைக்கே வராதவர் பெயர் அதில் இருந்தது. ஊரைவிட்டுப் போனவர் பெயர் இருந்தது. செத்துப்போனவர் பெயருக்கும் கூலி எழுதப்பட்டிருந்தது. அரைகுறையாக நின்ற கட்டடம் ஒன்று, காகிதத்தில் கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

அன்று ஊரைக் கொதிக்க வைத்தது மொத்தத் தொகை அல்ல. இத்தனை ஆட்கள், இத்தனை ரூபாய் என்கிற மொத்தக் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கணக்கு எழுதுகிறவருக்குக் கூட்டல் தெரியும். பெயரைப் படித்தபோதுதான் திருட்டு வெளியே வந்தது. "அவனா? அவன் அகமதாபாத் போய் எத்தனை வருஷமாச்சு" என்று சொல்வதற்கு ஊரில் ஆள் இருக்கும். தணிக்கை அதிகாரிக்கு அது தெரியாது. ஊராருக்குத் தெரியும். இந்தச் சட்டத்தின் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது.

1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், பஞ்சாயத்து ஆவணங்களின் நகலை மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு அறிவிப்பாகவே இருந்தது. ஓராண்டு கழித்து, 1996 ஏப்ரல் 6 அன்று, பியாவர் நகரில் 40 நாள் தர்ணா தொடங்கியது. மக்களவைத் தேர்தல் நேரம் அது. காய்கறி வியாபாரிகள் காய் கொடுத்தார்கள், நகரத்துத் தொழிற்சங்கங்கள் துணைக்கு வந்தன. 'நம்ம பணம், நம்ம கணக்கு' என்பதுதான் அவர்களின் முழக்கம். அதே ஆண்டு தேசிய அளவில் மக்கள் தகவல் உரிமைக்கான இயக்கம் உருவானது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான பிரஸ் கவுன்சில் ஒரு வரைவுச் சட்டம் எழுதியது.

இந்த ஓட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு விநோதமான முதலிடம் உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் இதுதான். 1997-ல் கருணாநிதி ஆட்சியில் அது நிறைவேறியது. ஆனால் அந்தச் சட்டத்தில் எதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை என்ற பட்டியல் இருபதைத் தாண்டியது. முதல் வரிசையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்ட கதை. 2002-ல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் சுதந்திரச் சட்டமோ நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்று, நடைமுறைக்கு வராமலே 2005-ல் நீக்கப்பட்டது.

2005-ன் சட்டம் இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. வெள்ளைத் தாளில் ஒரு மனு. தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் அதில் ஒட்ட 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் வேண்டாம். 30 நாட்களுக்குள் பதில். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், சரியான இடத்துக்கு ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் என 25,000 ரூபாய் வரை அபராதம், அதுவும் சொந்தச் சம்பளத்திலிருந்து.

எல்லாவற்றையும்விட அழகானது பிரிவு 6(2). ஏன் கேட்கிறாய் என்று மனுதாரரைக் கேட்கக் கூடாது. தாசில்தார் அலுவலக வாசலில் கையைக் கட்டி நின்று, "யாரு அனுப்பினாங்க? எதுக்கு உனக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

சில ஆண்டுகளிலேயே 'ஆர்.டி.ஐ. போடுவது' தமிழ்நாட்டு ஊர்ப்பேச்சில் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. பட்டா மாறுதல் ஏன் நிற்கிறது, முதியோர் உதவித்தொகை மனு யார் மேசையில் இருக்கிறது, ரேஷன் கடைக்கு எவ்வளவு அரிசி வந்தது, எங்கள் தெருவில் போட்டதாகச் சொல்லப்படும் சாலைக்கு எவ்வளவு பில். பல சமயம் பதிலே தேவைப்படாது. மனு போய்ச் சேர்ந்த வாரமே வேலை நடந்துவிடும். பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் சூட்சுமம் ஒன்று உண்டு: 'ஏன்' என்று கேட்காதே, 'நகல் கொடு' என்று கேள். ஏனென்றால் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்கிறதே தவிர, அதிகாரியின் விளக்கத்தை அல்ல.

லக்னோவில் ஒரு பள்ளி மாணவி, மகாத்மா காந்திக்குத் 'தேசத் தந்தை' பட்டம் எந்த உத்தரவின்படி தரப்பட்டது என்று 2012-ல் கேட்டாள். கேள்வி பிரதமர் அலுவலகத்திலிருந்து உள்துறைக்கும், அங்கிருந்து ஆவணக் காப்பகத்துக்கும் அலைந்தது. அப்படி ஓர் உத்தரவே கிடையாது என்று தெரிந்தது.

பெரிய மீன்களும் சிக்கின. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார். அதற்கு இரண்டரை மணி நேரம் முன்புதான் ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழு கூடியது. கறுப்புப் பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலமாகவும்தான் இருக்கிறது என்ற கருத்து அந்தக் கூட்டத்திலேயே பதிவானது. இது நாட்டுக்குத் தெரிந்தது 2019-ல், தகவல் உரிமை ஆர்வலர் வெங்கடேஷ் நாயக் கூட்டக் குறிப்பின் நகலைப் பெற்றபோது.

கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தர வழி செய்த தேர்தல் பத்திரங்களைப் பற்றி ரிசர்வ் வங்கி ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தது என்பதும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா விடாமல் போட்ட மனுக்களின் வழியே, அதே 2019-ல், பத்திரிகைக்கு வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. காரணம், வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை அது மீறுகிறது என்பது. விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட ஸ்டேட் வங்கி, நீதிமன்றம் மறுத்தவுடன் மறுநாளே தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்தது. வாங்கியவர் பட்டியல் தனியாக, பெற்ற கட்சிகளின் பட்டியல் தனியாக வந்தது. இரண்டையும் இணைக்கும் எண்ணையும் கொடு என்று நீதிமன்றம் மறுபடி அதட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வெளிச்சமானது. பட்டியலில் முதலிடம் கோவையைச் சேர்ந்த ஃபியூச்சர் கேமிங் லாட்டரி நிறுவனத்துக்கு: 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்குப் போனது; அதை அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. மொத்தத் தொகை முன்பும் தெரிந்ததுதான். புதிதாக வந்தவை பெயர்கள்.

வராத பதில்களின் பட்டியலும் நீளம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் தல மதிப்பீட்டு அறிக்கையையும் போராட்டக் குழுவின் சுப. உதயகுமார் கேட்டார். கொடுங்கள் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டது. அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2013-ல் ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று ஆணையம் தீர்ப்பளித்தபோது, காங்கிரஸ், பா.ஜ.க., இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் எல்லாம் அபூர்வமாக ஒரே நிலைப்பாடு எடுத்தன: பதில் சொல்ல மாட்டோம். 2020-ல் தொடங்கப்பட்ட பி.எம். கேர்ஸ் நிதி, பிரதமரின் பெயரோடு, அரசுச் சின்னத்தோடு இயங்கினாலும் 'பொது அதிகார அமைப்பு' அல்ல என்று பிரதமர் அலுவலகம் பதில் தந்தது. தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறையை 2008-லேயே ஓர் அரசாணை இந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து வெளியே எடுத்தது. ஊழலைப் பிடிக்கும் துறைக்கே திரை.

சில சமயம் பதில் வருவதும் பேசுபொருளாகிறது. 2024 தேர்தல் நேரத்தில், கச்சத்தீவு ஆவணங்களை ஆர்.டி.ஐ. மூலம் பெற்றதாக அன்றைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை வெளியிட்டார். பிரதமரும் அதைப் பேசினார். அதே கச்சத்தீவு பற்றி 2015-ல் வெளியுறவுத் துறை தந்திருந்த ஆர்.டி.ஐ. பதிலிலோ, இந்திய நிலம் எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை, எல்லை அதுவரை வரையறுக்கப்படாமல் இருந்தது என்று எழுதியிருந்தது.

பாக் நீரிணைக்கு அப்பாலும் இந்த உரிமைக்குத் தமிழர்களிடம் வேலை இருக்கிறது. இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. போரின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் விவரத்தை ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர் கேட்டார். அவர்கள் சரணடைந்தது இராணுவத்திடம் அல்ல, அரசாங்கத்திடம் என்று 2019-ல் இராணுவம் பதில் சொன்னது. முல்லைத்தீவில் கணவரையும் பிள்ளைகளையும் தங்கள் கையாலேயே ஒப்படைத்ததாகச் சொல்லும் பெண்கள் வருடக்கணக்காகக் கேட்பதும் ஒரு பெயர்ப் பட்டியலைத்தான்.

இந்தியாவில் மறுப்பைவிடப் பெரிய ஆயுதம் தாமதம். நாடு முழுவதும் தகவல் ஆணையங்களில் தேங்கியிருக்கும் மேல்முறையீடுகளும் புகார்களும் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டன என்று சதர்க் நாகரிக் சங்கடன் அமைப்பின் ஆண்டறிக்கைகள் சொல்கின்றன. ஜார்க்கண்டில் 2020 மே மாதத்துக்குப் பிறகு ஆணையமே ஆண்டுக்கணக்கில் செயல்படாமல் கிடந்தது. 2019 திருத்தம் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசின் கையில் கொடுத்தது. ஐந்தாண்டு பதவிக்காலம் மூன்றாண்டாகச் சுருங்கியது. 2022-ல் அந்த அமைப்பு, ஒவ்வோர் ஆணையத்திடமும் அதன் செயல்பாடு பற்றி ஆர்.டி.ஐ. போட்டுப் பார்த்தது. கேட்டதில் 14 சதவீதத் தகவலை மட்டும் தந்து கடைசி இடத்தைப் பிடித்தது தமிழ்நாடு தகவல் ஆணையம். சட்டம் போட்டதில் முதலிடம் பிடித்த மாநிலத்தின் ஆணையம்.

தாமதம் போதாதபோது வேறு வழிகளும் உண்டு. புனே அருகே தளேகாவில் நில மோசடிகளைத் தோண்டிய சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் காலை நடைப்பயிற்சியின்போது வெட்டிக் கொல்லப்பட்டார். கிர் காட்டைச் சுற்றிய சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றிக் கேட்ட அமித் ஜேத்வா அதே ஆண்டு ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுடப்பட்டார். ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-ல் இயற்றப்பட்ட சட்டம், நடைமுறைக்கு வரும் தேதி குறிக்கப்படாமலே கிடக்கிறது.

அதிகாரிகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் மனு போடுவது, கட்டட அனுமதி ஃபைலின் நகலை வாங்கி உரிமையாளரை மிரட்டிப் பணம் பறிப்பது எல்லாம் நடக்கிறது. நகராட்சி அலுவலகங்களில் 'ஆர்.டி.ஐ. ஆர்வலர்' என்ற விசிட்டிங் கார்டைப் பார்த்தால் முகம் சுளிப்பவர்கள் எல்லோரும் ஊழல்வாதிகள் அல்ல. ஆனால் இதற்கான மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. யாரும் கேட்காமலே விவரங்களை வெளியிட்டு வைக்கச் சொல்கிறது பிரிவு 4. இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஃபைலைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. ராஜஸ்தான் 2019-ல் தொடங்கிய 'ஜன் சூச்னா' தளத்தில் ரேஷன், ஓய்வூதியம், வேலைத் திட்டம் என்று பஞ்சாயத்து வாரியாக, ஆள் வாரியாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பல துறைகளின் பிரிவு 4 பக்கத்தைத் திறந்தால், மாற்றலாகிப் போய்விட்ட அதிகாரியின் தொலைபேசி எண்தான் வரவேற்கிறது.

இப்போது 2025 நவம்பரில் அமலுக்கு வந்த அந்தத் திருத்தத்துக்கு வரலாம்.

தனிநபர் விவரத்துக்கு 2005 சட்டத்திலும் பாதுகாப்பு இருந்தது. பிரிவு 8(1)(j)-படி, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட விவரத்தை மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரலாம். கூடவே ஓர் அருமையான உரைகல் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது. இத்தனை இருந்தும், 2012-ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அரசு ஊழியரின் பணி, சொத்து விவரங்களைத் தனிப்பட்டவை என்று சொன்னதிலிருந்து, அந்தத் தீர்ப்பின் பெயரைப் போட்டே மனுக்களைத் திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டிருந்தது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த நிபந்தனைகள் அனைத்தையும் வெட்டி எறிந்தது. மிச்சம் இருப்பது ஒரே வரி: தனிநபர் சம்பந்தமான தகவல் என்றால் தரத் தேவையில்லை. தனிநபர் தரவு என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கமோ, ஒருவரை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும். ஒப்பந்தக்காரரின் பெயர் அப்படிப்பட்டது. பில்லில் கையெழுத்திட்ட பொறியாளரின் பெயரும், வங்கிக் கடனைத் திருப்பாதவரின் பெயரும், மஸ்டர் ரோலில் இருக்கும் எல்லோர் பெயரும் அப்படித்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத்தான் அரசு காரணமாகக் காட்டுகிறது. பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது, பொதுநலன் பெரிதென்றால் அதிகாரி தகவலைத் தரலாம் என்றும் அரசு சொல்கிறது. 8(2) இருப்பது உண்மைதான். ஆனால் 'தரலாம்' என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் ஒரு தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரை வைத்துப் பாருங்கள். கொடுத்தால் ஏன் கொடுத்தாய் என்று மேலே கேட்பார்கள். கொடுக்காவிட்டால் மேல்முறையீடு ஆணையத்தின் வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும், அதற்குள் அவர் மாற்றலாகிவிடுவார். எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று சொல்ல வேண்டும் எனத் தன் தீர்ப்பில் எழுதியது. பிரிவு 6(2) கண்ணில் படாமல் போயிருந்தது. எதிர்ப்பு எழுந்ததும், ஒரு வாரத்துக்குள் நீதிமன்றமே தானாக முன்வந்து அந்த வரிகளை நீக்கியது. அன்று நீதிபதிகள் திரும்பப் பெற்ற கேள்வி இன்று வேறு வாசல் வழியாக வந்துவிட்டது. பெயர் உள்ள ஆவணம் வேண்டுமென்றால், அது வெளிவருவதில் என்ன பொதுநலன் இருக்கிறது என்று மனுதாரர்தான் வாதாட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது என்ற பிரிவு புத்தகத்தில் அப்படியே இருக்கும். காரணம் சொல்லாத மனு திரும்பி வரும்.

ஊர்களில் ஆர்.டி.ஐ. மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கு இனி வேலை கூடும். இதுவரை நாலு வரியில் முடிந்த மனுவில், பிரிவு 8(2)-ஐ மேற்கோள் காட்டி ஒரு பத்தி சேர்க்க வேண்டும். நூறு நாள் வேலையில் தன் பெயரில் யார் பணம் எடுத்தார்கள் என்று கேட்கும் ஒரு பெண், அதைத் தெரிந்துகொள்வதில் தன் நலனைவிடப் பெரிதாகப் பொதுநலன் என்ன இருக்கிறது என்று அந்தப் பத்தியில் விளக்க வேண்டியிருக்கும். ஸ்டாம்ப் விலை அதே 10 ரூபாய்தான்.